ஒரே நாளில் ஃபுளோரன்ஸ்: எதை முதலில் பதிவு செய்ய வேண்டும்?

ரோமிலோ வெனிஸிலோ தங்கிக்கொண்டு ஃபுளோரன்ஸுக்குக் காலையில் போய் இரவு திரும்ப முடியுமா? தாராளமாக முடியும். ரோம் தெர்மினியிலிருந்து அதிவேக ரயிலில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம், பொலோன்யாவிலிருந்து நாற்பது நிமிடம், வெனிஸ், மிலான் இரண்டிலிருந்தும் சுமார் இரண்டு மணி நேரம். ஊரின் பழைய பகுதி சின்னது, எல்லாமே நடக்கிற தூரம். நாளைத் தின்றுவிடுவது வரிசைகள்தான். பெரும்பாலானவர்கள் முதலில் ரயில் டிக்கெட்டை எடுத்துவிட்டு, அப்புறம் ஊருக்குள் என்ன பார்ப்பது என்று தேடுகிறார்கள். நான் சொல்கிற முறை அப்படியே தலைகீழ்: முதலில் பேராலயத்தின் குவிமாடம், பிறகு உஃபிஸி ஓவியக்கூடம், கடைசியில்தான் ரயில். விசா, ஹோட்டல் பற்றியெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை.

படி 1: கிழமையை முடிவு செய்யுங்கள்

திங்கட்கிழமை வேண்டாம். உஃபிஸி, அக்கதேமியா, பித்தி அரண்மனை ஆகிய மூன்று அருங்காட்சியகங்களுக்கும் அன்று விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை பேராலயத்தின் உள்பகுதி வழிபாட்டுக்கு மட்டும்தான், குவிமாடத்துக்கும் குறைந்த நேரமே அனுமதி. மாதத்தின் முதல் ஞாயிறு அரசு அருங்காட்சியகங்கள் இலவசம் என்பது உண்மைதான், ஆனால் ஒரே ஒரு நாள் கையில் இருப்பவர் அந்தக் கூட்டத்தில் போய் நிற்பதில் அர்த்தமே இல்லை. ஜூன் 24 ஊரின் காவல் புனிதரான யோவானின் திருநாள். வாணவேடிக்கை பார்க்க வேண்டுமென்றால் அன்று போகலாம், மற்றபடி தவிர்ப்பது நல்லது. ஆக, செவ்வாய் முதல் சனி வரை ஏதாவது ஒரு நாள். என்னைக் கேட்டால் புதன் அல்லது வியாழன்.

படி 2: குவிமாடத்துக்கு நேரம் பிடியுங்கள்

இந்தப் படியில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகச் சொல்கிறேன்.

துவோமோ என்று ஊர்க்காரர்கள் சொல்லும் சாந்தா மரியா தெல் ஃபியோரே பேராலயத்துக்குள் நுழையக் கட்டணம் கிடையாது. குவிமாடத்தில் ஏறத்தான் டிக்கெட், அதுவும் குறிப்பிட்ட நேரத்துக்கு. இதை நடத்துவது அரசு இல்லை, 1296-இல் இந்தப் பேராலயத்தைக் கட்டுவதற்காகத் தொடங்கப்பட்டு இன்றும் செயல்படுகிற ஓப்பெரா என்ற தனி அமைப்பு. உஃபிஸியும் அக்கதேமியாவும் அரசுடையவை, பலாஸ்ஸோ வெக்கியோ என்ற நகர மன்றக் கட்டடம் நகராட்சியுடையது. இந்த மூன்று கைகளும் தனித்தனி என்பது தெரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். இலவச ஞாயிறு ஏன் குவிமாடத்துக்குச் செல்லாது, ஒரே டிக்கெட்டில் எல்லாவற்றையும் ஏன் பார்க்க முடியாது என்பதற்கெல்லாம் காரணம் இதுதான்.

ஓப்பெராவின் சொந்த இணையதளத்தில் 'புருனெல்லெஸ்கி பாஸ்' என்று இருக்கும். நான் எடுத்தபோது 30 யூரோ. குவிமாடம், ஜொத்தோவின் மணிக்கூண்டு, ஞானஸ்நானக் கூடம், அருங்காட்சியகம் எல்லாம் அதில் அடக்கம், மூன்று நாள் செல்லும். ஆனால் குவிமாடத்துக்கு மட்டும் நாளும் நேரமும் வாங்கும்போதே குறிக்க வேண்டும், பிறகு மாற்ற முடியாது. தேடுபொறியில் மேலே வருகிற தளங்களில் பல இடைத்தரகர்களுடையவை. அதே டிக்கெட்டோடு 'வழிகாட்டி', 'வரிசை வேண்டாம்' என்று எதையாவது சேர்த்து இரண்டு மடங்கு விலை சொல்வார்கள். அதிகாரபூர்வத் தளத்தில் இடமே இல்லை என்றால் மட்டும் அங்கே போங்கள். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை நல்ல நேரங்கள் வாரக்கணக்கில் முன்னதாகவே தீர்ந்துவிடும்.

இந்திய வங்கி அட்டையில் பணம் கட்டுகிறவர்களுக்கு ஒரு விஷயம். வெளிநாட்டு இணையப் பரிவர்த்தனை நம் அட்டைகளில் பெரும்பாலும் அணைத்தே வைக்கப்பட்டிருக்கும். டிக்கெட் தளத்தைத் திறப்பதற்கு முன்பே வங்கிச் செயலியில் அதை இயக்கிவிட்டு, வரம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். தேர்ந்தெடுத்த நேரத்தைத் தளம் சில நிமிடங்கள்தான் நமக்காகப் பிடித்து வைத்திருக்கும். எனக்கு ஓடிபி வந்து சேர்வதற்குள் காலை ஒன்பதரை மணி இடம் போய், பத்தேகால்தான் மிஞ்சியது. கைவசம் இரண்டாவது அட்டை ஒன்று தயாராக இருக்கட்டும்.

எந்த நேரம் எடுப்பது? காலை ஒன்பதரைக்கும் பத்தரைக்கும் நடுவே. அதற்கு முன் என்றால் ரயில் தாமதமானால் போச்சு, அதற்குப் பின் என்றால் வெயிலும் கூட்டமும்.

இனி, அன்றைக்கு வாசலில் நடப்பது. முகப்பில் பாம்பாக நீளும் வரிசை இலவசமாகப் பேராலயத்துக்குள் போகிறவர்களுடையது. குவிமாடத்துக்கான வாசல் வேறு, கட்டடத்தின் வடக்குப் பக்கம், போர்த்தா தெல்லா மாந்தொர்லா என்று பெயர். டிக்கெட் வைத்திருப்பவர்கள் முகப்பு வரிசையில் நின்று நேரத்தைக் கோட்டைவிடுவது தினமும் நடக்கிறது. பெரிய பைகளை மேலே கொண்டுபோக விடமாட்டார்கள், ஓப்பெராவின் பை வைக்கும் இடத்தில் முதலிலேயே கொடுத்துவிட வேண்டும், அதற்கும் சேர்த்துக் கால் மணி முன்னதாகப் போங்கள். தோளும் முழங்காலும் மறைகிற உடை அவசியம்.

மொத்தம் 463 படி, லிஃப்ட் கிடையாது. பாதி வழியில் குவிமாடத்தின் உள்விளிம்பை ஒட்டிய குறுகிய நடைபாதையில் வெளிப்படுவீர்கள். வசாரி தொடங்கி சுக்காரி முடித்த கடைசித் தீர்ப்பு ஓவியம் தலைக்கு மேலேயே இருக்கும், தரையிலிருந்து பொம்மை மாதிரி தெரிந்த உருவங்கள் இங்கே எவ்வளவு பெரிதாக இருக்கின்றன என்பதை நின்று பாருங்கள். அதற்கு மேல் படிகள் இரண்டு ஓடுகளுக்கு நடுவே போகின்றன. உள்ளே ஒரு குவிமாடம், அதைப் போர்த்தியபடி வெளியே இன்னொன்று, நாம் நடுவில். சுவர் நம் தோளின் மேல் சாய்ந்துகொண்டே வரும். அங்கே செங்கல்லைக் கவனியுங்கள்: படுக்கையாக அடுக்கிய வரிசைகளின் நடுவே சில கற்கள் செங்குத்தாக நிற்கும், அந்த நிற்கும் கற்கள் சுற்றிச் சுற்றி மேலேறும். ஈரக் கலவை இறுகும்வரை சாய்ந்த வரிசைகள் சரிந்துவிடாமல் பிடித்து நிறுத்தியவை அவைதான். தரையிலிருந்து மரச்சாரம் கட்டித் தாங்காமல் 1420-லிருந்து 1436-க்குள் புருனெல்லெஸ்கி இதை எழுப்பினார். மேலிருந்து ஊரைப் பார்ப்பதைவிட இந்த இடுக்கில் நின்று செங்கல்லைப் பார்ப்பதுதான் எனக்குப் பெரிது.

இறங்கியதும் பேராலயத்தின் பின்பக்கம் தரையில் வெள்ளைப் பளிங்கு வட்டம் ஒன்றைத் தேடிப் பாருங்கள். உச்சியிலிருந்த செம்புக் கோளம் மின்னல் தாக்கி விழுந்த இடம் அது.

படி 3: ஒரே ஒரு அருங்காட்சியகம்

உஃபிஸியா, அக்கதேமியாவா? ஒரே நாளில் இரண்டும் என்றால் இரண்டுமே ஓட்டம்தான். மைக்கேலாஞ்சலோவின் டேவிட் சிலையை மட்டும் பார்த்தால் போதும் என்பவர்களுக்கு அக்கதேமியா, ஒரு மணி நேரத்தில் முடியும். என் வாக்கு உஃபிஸிக்கு. டேவிட் 1873-இல் அக்கதேமியாவுக்குப் போகும்வரை நின்ற இடம் சின்யோரியா சதுக்கம். 1910 முதல் அங்கே ஒரு நகல் நிற்கிறது, திறந்தவெளியில், நகர மன்றக் கட்டடத்தின் வாசலில், மைக்கேலாஞ்சலோவின் காலத்தவர்கள் பார்த்த அதே சூழலில் இலவசமாகவே பார்க்கலாம். உஃபிஸியில் இருக்கிற போத்திச்செல்லியின் வீனஸ் ஓவியத்துக்கு அப்படி ஒரு மாற்று இல்லை.

உஃபிஸிக்கும் அதிகாரபூர்வத் தளத்திலேயே முன்பதிவு செய்யுங்கள், டிக்கெட்டுக்கு மேல் 4 யூரோ முன்பதிவுக் கட்டணம் வாங்குவார்கள், கொடுக்கலாம். மதியம் இரண்டு மணியை ஒட்டி எடுங்கள். சுற்று மேல் மாடியிலிருந்து தொடங்கும். போத்திச்செல்லி அறைகளுக்கு அரை மணி ஒதுக்குங்கள், நீண்ட தாழ்வாரம் திரும்பும் இடத்தின் ஜன்னலில் ஆர்னோ நதியையும் போந்தே வெக்கியோ பாலத்தையும் பாருங்கள், மற்ற அறைகளில் கண்ணுக்குப் பிடித்த இடத்தில் மட்டும் நின்றால் போதும். இரண்டரை மணி நேரத்துக்கு மேல் யாருக்கும் மனதில் எதுவும் ஏறாது.

படி 4: இப்போது ரயில்

ட்ரெனித்தாலியா, இட்டாலோ இரண்டின் செயலிகளையும் வைத்துக்கொண்டு நேரத்தையும் விலையையும் ஒப்பிடுங்கள். இரண்டு நிறுவனங்களின் சொந்தச் செயலிதான் என் விருப்பம், மாற்றமோ தாமதமோ இருந்தால் தகவல் நேராக வரும். ஊரை 'ஃபிரென்ஸே' என்ற இத்தாலியப் பெயரில் தேட வேண்டும். வருகிற பட்டியலில் எஸ்.எம்.என். என்று முடிகிற சாந்தா மரியா நொவெல்லாதான் நமக்கு வேண்டிய ஸ்டேஷன். கம்போ டி மார்தே, ரிஃப்ரெடி இரண்டும் தள்ளி இருக்கின்றன. குவிமாட நேரத்துக்கு ஒரு மணி முன்னதாக வந்து சேர்கிற ரயிலாக எடுங்கள்.

பீசாவிலிருந்தோ லூக்காவிலிருந்தோ வருகிறவர்கள் ஏறுவது பிராந்திய ரயில். காகித டிக்கெட்டை ஏறுவதற்கு முன் நடைமேடை இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும், கைபேசி டிக்கெட் என்றால் செக்-இன் செய்ய வேண்டும். விட்டால் அபராதம்.

கார் எடுக்கவே எடுக்காதீர்கள். பழைய நகரம் முழுவதும் அனுமதி பெற்ற வண்டிகளுக்கான பகுதி, கேமரா படம் பிடித்துவிடும், அபராதம் வாடகைக் கார் நிறுவனம் வழியாக மாதக்கணக்கில் கழித்து வீடு தேடி வரும். நெடுஞ்சாலையில் வருபவர்கள் வில்லா கொஸ்தான்ஸா நிறுத்தத்தில் வண்டியை விட்டுவிட்டு அங்கிருந்தே டிராம் பிடிக்கலாம்.

படி 5: நடுவில் சாப்பாடு, மாலையில் மலை

குவிமாடத்துக்கும் உஃபிஸிக்கும் நடுவே மெர்காத்தோ சென்ராலே. 1874-இல் திறந்த இரும்பு, கண்ணாடிக் கட்டடம், கீழே சந்தை, மாடியில் உணவுக் கடைகள். மாட்டு வயிற்றின் நான்காவது அறையை வேகவைத்து ரொட்டிக்குள் வைத்துத் தரும் லம்ப்ரெதொத்தோ இந்த ஊரின் தெருச் சாப்பாடு, நம் ஊர் போட்டி பிடித்தவர்களுக்குக் கட்டாயம் பிடிக்கும். சைவக்காரர்களுக்கு ரொட்டியும் பீன்ஸும் கீரையும் சேர்ந்த ரிபொல்லித்தா, ரொட்டியைத் தக்காளியில் ஊறவைத்த பாப்பா அல் பொமொதோரோ. இரண்டிலும் இறைச்சிச் சாறு சேர்த்திருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். காப்பியை நின்றுகொண்டே குடியுங்கள், உட்கார்ந்தால் விலை வேறு.

உஃபிஸி முடிந்ததும் போந்தே வெக்கியோ. 1345-இல் கட்டியது, 1944-இல் பின்வாங்கிய ஜெர்மன் படை ஊரின் மற்ற பாலங்களைத் தகர்த்தபோது தப்பியது இது ஒன்றுதான். அதைக் கடந்து இடப்பக்கமாக நதியை ஒட்டி நடந்து மேலே ஏறினால் இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் பியாஸ்ஸாலே மிக்கெலாஞ்சலோ. ஊர் முழுவதும் கீழே விரிந்து கிடக்கும். இன்னும் கொஞ்சம் ஏறினால் சான் மினியாத்தோ தேவாலயம், கூட்டம் குறைவு, எனக்கு அதுதான் பிடித்த இடம்.

பின்னால் சேர்த்தவை

டிசம்பரில் போகப்போகிற ஒருவர் எழுதியிருந்தார், இந்தத் திட்டப்படி மலைக்குப் போகும்போது இருட்டிவிடாதா என்று. சரியான கேள்வி. கோடையில் ஒன்பது மணிவரை வெளிச்சம் இருக்கும், டிசம்பரில் ஐந்துக்குள் சூரியன் இறங்கிவிடும். குளிர்காலத்தில் குவிமாடம் முடிந்த கையோடு மூன்றரைக்குள் மலைக்குப் போய்விட்டு, பிறகு இறங்கி உஃபிஸிக்குப் போங்கள். ஆறரைக்கு மூடுவார்கள், கடைசி நுழைவு ஐந்தரை, நீங்கள் ஐந்துக்கே உள்ளே இருக்க வேண்டும். ஒன்றரை மணி நேரம்தான் கிடைக்கும், ஆகவே நேராகப் போத்திச்செல்லி.

வயதான அப்பா அம்மாவோடு போகிறவர்கள் குவிமாடத்தை விட்டுவிடலாம். மணிக்கூண்டிலும் 414 படி, அதுவும் ஆகாது. பேராலயத்தின் பின்னால் உள்ள ஓப்பெராவின் அருங்காட்சியகத்தில் லிஃப்ட் இருக்கிறது. கிபெர்த்தி செய்த சொர்க்க வாசல் கதவுகளின் அசல் அங்கேதான், வெளியே ஞானஸ்நானக் கூடத்தில் இருப்பது நகல். மேல் தளத்துத் திறந்த மாடியிலிருந்து குவிமாடம் எட்டித் தொடுகிற தூரத்தில் தெரியும்.

பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு எந்த நாட்டவரானாலும் உஃபிஸியில் இலவசம். ஆனால் முன்பதிவின்போது அவர்களையும் சேர்த்தே எண்ணிக்கை கொடுங்கள், வயதுக்குச் சான்றாகப் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும்.

திரும்பும் ரயிலைக் கடைசி ரயிலாக எடுக்க வேண்டாம், அதற்கு முந்தையது நல்லது. மலையிலிருந்து ஸ்டேஷனுக்கு நடந்தால் நாற்பது நிமிடத்துக்குக் குறையாது, பேருந்து சூரியன் மறைந்த கையோடு நிரம்பிவிடும்.