கொங்கில் வம்சாவளி எழுதுவது எப்படி? நான் போன வழி

எங்கள் குடும்பம் காங்கேயம் பக்கம். இரண்டு வருடம் அலைந்து ஆறு தலைமுறை எழுதியிருக்கிறேன். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்காக அந்த வழியை வரிசையாகச் சொல்கிறேன்.

1. முதலில் வீட்டுப் பெரியவர்கள். கூட்டம் (குலப் பிரிவு), காணிக் கோயில் (அந்தக் கூட்டத்தின் குலதெய்வக் கோயில்), தோட்டத்துப் பெயர் மூன்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

2. அடுத்தது பத்திரப் பெட்டி. கிரயப் பத்திரங்களை ஒதுக்கிவிட்டுப் பாகப்பிரிவினைப் பத்திரத்தைத் தேடுங்கள். அண்ணன் தம்பிகள் எல்லோரும் தகப்பன் பெயரோடு அதில்தான் வரிசையாக இருப்பார்கள். வீட்டில் இல்லையென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் வாங்கலாம். இணையத்தில் வில்லங்கச் சான்று (ஒரு சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல்) பொதுவாக 1975 முதல்தான் கிடைக்கும். அதற்கு முந்தையதை நேரில் மனு போட்டுத்தான் தேட வேண்டும். பத்திரத்தில் க.ச. (பழைய சர்வே), ரி.ச. (மறுசர்வே) என்று இரண்டு எண்கள் இருந்தால் இரண்டையும் குறித்துக்கொண்டு போங்கள்.

3. நான் தடுக்கி விழுந்த இடம் இது. பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பது நம் வழக்கம். எங்கள் வம்சத்தில் நாச்சிமுத்து, பழனியப்பன், மறுபடி நாச்சிமுத்து என்றே போகிறது. போதாததற்குத் தமிழ் வருடமும் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். "தாது வருசத்துல பழனியப்பன் பெரிய கிணறு வெட்டினார்" என்று அப்பாரு (அப்பாவின் அப்பா) சொல்லியிருந்தார். அவருடைய அப்பா பெயர் பழனியப்பன், 1936 தாது வருடம். சரி, பொருந்துகிறதே என்று எழுதிவிட்டேன். ஆறு மாதம் கழித்து 1911ஆம் வருடத்துப் பாகப் பத்திரம் கிடைத்தது. அதே நிலத்துக் கிணற்றில் ஆளுக்குப் பாதி பாத்தியம் என்று அதில் இருந்தது! கிணறு வெட்டியவர் அந்தப் பழனியப்பனின் தாத்தா. வருடம் 1876, தாது வருஷப் பஞ்சம் தொடங்கிய காலம். அந்தப் பஞ்சத்திலும் ஒரு மனிதர் கிணறு தோண்டியிருக்கிறார் என்று தெரிந்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதனால் பெயரை மட்டும் நம்பாதீர்கள். ஒவ்வொருவர் பெயருக்குப் பக்கத்திலும் சர்வே எண், மனைவி பெயர், மனைவி பிறந்த ஊர் மூன்றையும் எழுதுங்கள்.

4. காணிக் கோயிலில் தலைக்கட்டு வரி (குடும்பத்துக்கு இவ்வளவு என்று வாங்கும் கோயில் வரி) நோட்டு இருக்கிறதா என்று கேளுங்கள். ஊர் மாறிப்போன பங்காளிகளை நான் அதில்தான் கண்டுபிடித்தேன்.

எதில் எழுதுவது? நீள நோட்டும் பென்சிலும்தான் என் தேர்வு. வம்சாவளிச் செயலிகள் பல குடும்பப்பெயர் கேட்கின்றன. நமக்கு இருப்பது இனிஷியல். எல்லாம் உறுதியான பிறகு எக்ஸெலில் ஏற்றுங்கள், போதும்.

பின்னால் சேர்த்தது: தன் ஊர்ப் பழைய ஆவணங்களை எங்கே தேடுவது என்று கரூர்க்காரர் ஒருவர் கேட்டார். கரூர் 1910 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது, அப்புறம்தான் திருச்சிக்குப் போனது. பழைய மாவட்ட ஆவணங்களைக் கோவைப் பெயரிலும் தேடுங்கள். ஈரோடு 1979இல்தான் தனி மாவட்டம், திருப்பூர் 2009இல்.

இன்னொன்று, அம்மா வழி. தமிழ்நாட்டில் 1989 சட்டத் திருத்தத்துக்குப் பிறகுதான் பூர்வீகச் சொத்தில் மகள்களுக்கும் பங்கு வந்தது. அதற்கு முந்தைய பாகப் பத்திரங்களில் பெண்கள் பெயரைப் பார்ப்பது அரிது. இதற்கு மொய் நோட்டுதான் கைகொடுக்கும். என் அம்மா கல்யாண மொய் நோட்டில் தாய்மாமன் பெயருக்கு எதிரே ஊர் எழுதியிருந்தது. அம்மாயி (அம்மாவின் அம்மா) பிறந்த ஊர் எங்களுக்குத் தெரிந்தது அந்த ஒரு வரியால்தான்.