கல்யாண மண்டபத்துல டிஸ்கோ ராத்திரி போடுவது எப்படி

ஏனுங்க, கோபியில சவுண்டு சர்வீஸ் வச்சிருக்கறவன் சொல்றேன்: வரவேற்புக்கு 'அந்தக் காலத்து டிஸ்கோ' கேட்டா, முதல்ல சீரியல் செட்டையெல்லாம் அணைச்சுப்போடுங்க. சின்னச் சின்னக் கண்ணாடித் துண்டு ஒட்டுன டிஸ்கோ உருண்டை இருட்டுலதான் வேலை செய்யும். நிமிசத்துக்கு ஒரு சுத்து சுத்துற மோட்டார் போதும். வேகமாச் சுத்துனா பாட்டிமாருக்குக் கிறுகிறுங்கும். மெல்லிசா அடிக்கற ஸ்பாட் லைட்டு ரெண்டு, எதிரெதிர் மூலையிலிருந்து உருண்டை மேல மட்டும் விழோணும். அகலமான லைட்டைப் போட்டா செவுரு பூராம் வெளுத்துப்போய், உருண்டையில பட்டுத் தெறிக்கற வெளிச்சப் புள்ளியே தெரியாது.

பாட்டு, நிமிசத்துக்கு 120 தட்டு (பீட்டு) பக்கம் இருக்கறதா எடுங்க. ஒண்ணு முடியறதுக்குள்ள அடுத்ததை அதே தட்டுல கோத்து உடுங்க. நடுவுல மைக் புடிச்சு மாப்பிள்ளை பெருமை பேசுனா ஆட்டம் செத்துரும்.

ஆளுகளைக் கலக்கறதுதான் பெரிய வித்தை. நியூயார்க்குல 1977ல ஸ்டூடியோ 54ங்கற டிஸ்கோ கிளப்பைத் தொறந்த ஸ்டீவ் ரூபெல் வாசல்லயே நின்னு, பேர்போனவங்களையும் ஊர்பேர் தெரியாதவங்களையும் பொறுக்கிச் சேர்த்துத்தான் உள்ள உடுவார். நம்மூர்ல யாரையாச்சும் வாசல்ல நிறுத்த முடியுமாங்க? பங்காளிக கதவையே பேத்துருவாங்க. அதனால மாமன் மச்சான் முறைக்காரங்களை முதல்ல எறக்கி உடுங்க, மத்தவங்க தானா வருவாங்க.

மண்டபத்துக்கு வெளிய வைக்கற ஸ்பீக்கருக்குப் போலீஸ் அனுமதி வாங்கிருங்க, ராத்திரி 10 மணிக்கு அது நிக்கோணும். பில்லும் போட்டுக் குடுங்க. ரூபெலும் கூட்டாளி இயன் ஷ்ரேகரும் வரி ஏய்ப்புக்காக 1980ல ஜெயிலுக்குப் போனவங்க. பாதிப் பணம் உருண்டையை மாட்டறதுக்கு முன்னாலயே கைக்கு வரோணும். மீதியைப் பந்தி முடியறதுக்குள்ள கேட்டு வாங்கிருங்க, மொய் எழுதறவங்க கெளம்பிட்டா அப்பறம் ஒருத்தரும் சிக்கமாட்டாங்க.