காட்டு லூபினை விதையிலிருந்து வளர்ப்பது எப்படி?

லூபின் என்ற பூச்செடியின் விதை வாங்கும்போது முதலில் உறையில் உள்ள அறிவியல் பெயரைப் பாருங்கள். வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக்கே உரிய காட்டு லூபின், லூபினஸ் பெரென்னிஸ். அமெரிக்காவின் மெய்ன் மாநிலச் சாலையோரங்களில் எல்லோரும் நின்று படமெடுக்கும் லூபின் பெரும்பாலும் அக்கண்டத்தின் மேற்குப் பகுதியிலிருந்து வந்த லூபினஸ் பாலிஃபில்லஸ். அந்த மாநிலத்தில் சொந்தக் காட்டு லூபின் இயற்கையில் அற்றே போய்விட்டது.

பெயரில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. கார்னர் நீலம் என்ற சின்னஞ்சிறு வண்ணத்துப்பூச்சியின் புழு இந்தக் காட்டு லூபின் இலையை மட்டுமே தின்று வளரும். 1992 முதல் அமெரிக்க அரசின் அழியும் நிலை உயிரினப் பட்டியலில் இருக்கிற பூச்சி அது.

இடம். நல்ல வெயில், மணல் கலந்த மண், தண்ணீர் தேங்காத மேடு. இவ்வளவுதான் இந்தச் செடி கேட்பது. முதல் வருடம் களிமண் பாத்தியில் எருவும் போட்டு நட்டேன். அத்தனையும் வேர் அழுகிப் போயின. சத்தில்லாத மணலே இதற்குச் சுகம். எரு வேண்டாம்.

விதையைத் தயார் செய்தல். விதையின் தோல் மிகக் கெட்டி. அப்படியே விதைத்தால் தண்ணீர் உள்ளே போகாமல் மாதக்கணக்கில் கிடக்கும். இரண்டு உப்புத்தாள்களுக்கு நடுவே விதைகளைப் போட்டு, தோலின் பளபளப்பு மங்கும் வரை லேசாகத் தேயுங்கள். உள்ளிருக்கும் பருப்பு தெரியுமளவுக்குத் தேய்த்துவிடக் கூடாது. அப்புறம் ஓர் இரவு தண்ணீரில் ஊறட்டும். காலையில் உப்பிப் பெரிதானவை தயார்; அப்படியே சின்னதாகக் கிடப்பவற்றை இன்னொரு முறை தேய்க்கலாம். ஊறியவற்றை ஈரமணலில் கலந்து பத்து நாள் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். இலையுதிர் காலக் கடைசியில் நேரடியாக நிலத்தில் விதைப்பவர்களுக்கு இந்த வேலையே இல்லை, பனிக்காலம் பார்த்துக்கொள்ளும்.

விதையில் நச்சு ஆல்கலாய்டுகள் உண்டு. குழந்தைகளுக்கும் வீட்டு விலங்குகளுக்கும் எட்டாமல் வையுங்கள்.

நுண்ணுயிர். லூபின் பயறுக் குடும்பம். வேர் முடிச்சில் வாழும் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைச் சத்தாக மாற்றித் தரும், அதனால்தான் வெறும் மணலிலும் பிழைக்கிறது. லூபின் வளராத மண்ணில் அந்த பாக்டீரியா இல்லாமல் போகலாம். விதைக்கும் அன்று லூபினுக்கென்றே விற்கும் நுண்ணுயிர்ப் பொடியை ஈர விதையில் புரட்டுங்கள். பட்டாணிக்கு விற்பது இதற்கு உதவாது.

விதைத்தல். ஒரு சென்டிமீட்டர் ஆழம் போதும். நிரந்தரமாக நிற்க வேண்டிய இடத்திலேயே விதைப்பது நல்லது. செடி சிறிதாக இருக்கும்போதே ஆணிவேர் கீழே நேராக ஓடிவிடும்; பிறகு தோண்டி மாற்றினால் பெரும்பாலும் பிழைக்காது. காட்டிலிருந்து பிடுங்கி வரக் கூடாது என்பதற்கும் இது ஒரு காரணம். முயலும் மானும் தளிரை விடாது, முதல் வருடம் கம்பி வலை போடுங்கள்.

அப்புறம் பொறுமை. முதல் வருடம் இலை மட்டும்தான். விரித்த கைவிரல்கள் போல 7 முதல் 11 சிற்றிலைகள். விடியற்காலையில் நடுக்குழியில் ஒரு சொட்டுப் பனி உருண்டு நிற்கும். இரண்டாம் அல்லது மூன்றாம் வருடம், வசந்தக் கடைசியில் நீலப் பூங்கதிர் எழும். கோடை நடுவில் இலை மஞ்சளாகி வாடினால் பதறி நீர் ஊற்றாதீர்கள், அது உறங்கப் போகிறது.

மயிரடர்ந்த நெற்று கறுத்துக் காய்ந்ததும் வெயிலில் படீரென்று முறுக்கி வெடித்து விதையைத் தூர எறியும். சேமிக்க நினைத்தால் வெடிக்குமுன் துணிப்பை கட்டிவிடுங்கள். இலையுதிர் காலத்தில் தண்டடிச் சருகை மட்டும் கூட்ட வேண்டாம். கார்னர் நீலம் இருக்கும் பகுதிகளில் அதன் முட்டைகள் பனிக்காலத்தைக் கழிப்பது அந்தச் சருகில்தான்.