தஞ்சாவூர் வீணையைக் கடையில் பார்த்து வாங்கும் முறை

இணையத்தில் இசைக்கருவி வாங்கும் வழக்கம் பெருகப் பெருக, காவிரிப் படுகையின் கடைவீதிகளில் வீணையை வாசித்துப் பார்த்து வாங்கும் கடைகள் குறைந்து வருகின்றன. ஆயினும், 2013இல் புவிசார் குறியீடு பெற்ற தஞ்சாவூர் வீணையைப் படத்தை மட்டும் பார்த்து வாங்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

முதலில், ஒரே பலாக்கட்டையில் கடைந்த ஏகாந்த வீணையா, குடம் (ஒலி எழுப்பும் உருண்டைப் பகுதி), தண்டி (நீண்ட கழுத்துப் பகுதி), அதன் முனையிலுள்ள யாளி முகம் ஆகியவற்றைத் தனித்தனியே செய்து பொருத்திய ஒட்டு வீணையா என்று கேட்டறியுங்கள். ஒட்டு வீணை எனில், இணைப்புகளில் விரிசல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். தந்திகளை முறுக்கிச் சுருதி சேர்க்கும் பிருடைகள் நழுவக் கூடாது.

அடுத்து, முதன்மை வாசிப்புத் தந்தியான சாரணியை மீட்டியவாறே, தண்டியின் மேல் குறுக்கே பதித்த 24 மெட்டுகளையும் ஒவ்வொன்றாக அழுத்திக் கேளுங்கள்; பன்னிரண்டாம் மெட்டில் மேல் ஸ்தாயி ஷட்ஜம் (மேல் ‘ஸ’) பிசகின்றி ஒலிக்க வேண்டும். எங்கேனும் தந்தி இரைந்தால், அங்கே மெட்டுகளின் உயரம் ஒத்துவராமல் இருக்கலாம். மெட்டுகள் மெழுகின் மேல் பதிக்கப்படுவதால், கோடை வெயிலில் மெழுகு இளகி அவை நகரக்கூடும். அப்போது மறுபடியும் மேளம் கட்டித் தர, அதாவது மெட்டுகளைச் சுருதிக்கேற்ப மெழுகில் பதித்துத் தர, தேர்ந்த கைவினைஞர் வேண்டும்; கூரியரில் வாங்கியவர்கள் அவரைத் தேடி அலைய நேர்கிறது. ஆகவே, பிற்பாடு மேளம் கட்டித் தருவார்களா, அதற்குக் கூலி எவ்வளவு என்பதை விலை பேசும்போதே கேட்டுவிடுங்கள். மாற்றுத் தந்திகளையும் அதே கடையில் வாங்கிக்கொள்ளுங்கள்.