ஃபுட்பால் சீசன் பெஸ்ட் பிளேயர் யாருன்னு சண்டை போடுறதுக்கு முன்னாடி

முதல்ல கோல் கணக்க மட்டும் தூக்கிட்டு வராதீங்க ப்ளீஸ். 2023-24 இங்கிலாந்து பிரீமியர் லீக்க எடுத்துக்கங்க, மான்செஸ்டர் சிட்டி ஹாலண்ட் 27 கோல் போட்டு, அதிக கோலுக்கு குடுக்குற கோல்டன் பூட் வாங்குனாரு, ஆனா பிளேயர் ஆஃப் தி சீசன் போனது அதே டீம்ல 19 கோல் போட்ட ஃபோடனுக்கு.

அடுத்து பெனால்டிய தனியா பிரிச்சு பாருங்க. செல்சி பிளேயர் பால்மரோட 22 கோல்ல 9 பெனால்டி, இத சொன்னா செல்சி ஃபேன்ஸுக்கு கோவம் வரும், ஆனா எவர்டன் மேட்ச்ல சொந்த டீம் ஆளுங்க மடுவேகேவும் ஜாக்சனும் பால புடுங்க வந்தப்பவும் விட்டுக்குடுக்காம நின்னு பெனால்டி அடிச்சாரே, அந்த நெஞ்சுரத்தையும் கணக்குல சேர்க்கணும்ல.

முக்கியமா அந்த ஆள் இல்லாதப்ப டீம் என்ன ஆச்சுன்னு தேடுங்க. சிட்டி அந்த சீசன் லீக்ல தோத்ததே மூணு மேட்ச், வுல்வ்ஸ், ஆர்சனல், வில்லா, மூணுலயும் அவங்க மிட்ஃபீல்டர் ரோட்ரி கிடையாது!! இதவிட பெரிய ஆதாரம் என்ன வேணும், என் ஓட்டு அவருக்குத்தான்.

டிஃபெண்டர்ஸையும் மறந்துடாதீங்க, சலிபா 38 மேட்ச்சும் ஆடுனாரு, அவரோட ஆர்சனல் எதிர் டீம்கிட்ட வாங்குனது வெறும் 29 கோல். ஹைலைட்ஸ்ல இது தெரியாது, ஃபுல் மேட்ச் பாத்துட்டு வந்து பேசுங்க.