சேவைச் சுரங்கத்தில் குறைந்த செலவில் வைஃபை

பெங்களூரில் பெரிய வளாகங்களின் அடியில் ஓடும் கேபிள், குழாய்ச் சுரங்கங்களில் சிக்னலைத் தின்பது தூரத்தைவிட வளைவுதான். இரண்டு மீட்டர் அகலமுள்ள நேரான கான்கிரீட் சுரங்கத்தில் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை நன்றாகவே ஓடும், அலைநீளம் 12.5 செ.மீ.தான். 150 மெகாஹெர்ட்ஸ் வாக்கி டாக்கியின் அலை 2 மீட்டர் நீளம், சீக்கிரம் தேய்ந்துவிடும். 90 டிகிரி திருப்பத்தில் இரண்டுமே திணறும், இரும்புக் கதவில் அநேகமாக நின்றேவிடும். ஆகவே முதலில் திருப்பங்களையும் கதவுகளையும் எண்ணுங்கள்.

400 மீட்டர், இரண்டு திருப்பம், நடுவில் கதவில்லை என்றால் இரண்டு வெளிப்புற ஆக்சஸ் பாயின்ட் (வைஃபை பரப்பும் பெட்டி) போதும். ஒவ்வொன்றையும் இரு பக்கமும் கண்ணுக்குத் தெரியும் மூலையில், கூரையிலிருந்து ஒரு அடி கீழே மாட்டுங்கள். கேபிள் டிரேயை ஒட்டி வைத்தால் பாதி சிக்னல் இரும்புக்கே போய்விடும்.

ஈத்தர்நெட் கம்பி 100 மீட்டரோடு சரி. அதற்கு மேல் சிங்கிள் மோட் ஃபைபர் (நெடுந்தூர ஒளியிழைக் கேபிள்), உலோகக் கவசம் இல்லாதது. பக்கத்தில் உயரழுத்தக் கேபிள் இருந்தால் கவசத்தில் மின்னழுத்தம் தூண்டப்படும். ஆறு இழை வாங்குங்கள்: ஆக்சஸ் பாயின்ட்டுக்கு இரண்டு வீதம் நான்கு, உபரி இரண்டு. இழையின் இரு முனையிலும் ஒளியை ஈத்தர்நெட்டாக மாற்றும் மீடியா கன்வெர்ட்டர், மொத்தம் நான்கு. எல்லாம் பெங்களூரின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும். அங்கேயே விற்கும் மொபைல் பூஸ்டரைத் தொடாதீர்கள். அனுமதியில்லாமல் வைப்பது சட்டவிரோதம். வைஃபை காலிங் உள்ள போனாக இருந்தால், மேலே பிராட்பேண்ட் இணைப்பு கொடுத்தாலே உள்ளிருந்து சொந்த நம்பரில் பேசலாம்.

விளக்குச் சுற்றிலிருந்து மட்டும் கரன்ட் எடுத்தால், விபத்தின்போதுதான் வைஃபை சாகும். 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி ஒன்றை ஒவ்வொரு மூலையிலும் ரெகுலேட்டரோடு வையுங்கள். மொத்தச் சுமை 9 வாட் என்றால் ஏழெட்டு மணி நேரம் தாங்கும். இவற்றை வைக்கும் பெட்டியில் கேபிள் கிளாண்ட் (கம்பி நுழையும் அடைப்பு) கீழ்நோக்கி இருக்கட்டும். நுழையுமுன் கம்பி ஒருமுறை தொங்கி ஏறட்டும், சொட்டும் நீர் அங்கேயே விழுந்துவிடும்.

சேனல் 1, 6 என்று மாற்றி மாற்றி, அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். ஆக்சஸ் பாயின்ட்டின் பவரை உச்சத்தில் வைப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. போனில் கோடு முழுசாக இருக்கும், ஆனால் போனின் பலவீனமான சிக்னல் திரும்பி வராது. நீங்கள் பேசுவது மேலே கேட்காது. 17 டிபிஎம் (சிக்னல் வலிமையின் அலகு) அளவில் வையுங்கள்.

சோதனைக்கு இறங்குமுன் வாயு மீட்டர்: ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழ் என்றால் இறங்கவே கூடாது. பிறகு பத்து மீட்டருக்கு ஒருமுறை சிக்னல் அளவைச் சுவரில் சாக்பீஸால் எழுதுங்கள். மைனஸ் 67 டிபிஎம்முக்குக் கீழே போன இடத்தில் பேச்சு வெட்டும். மூன்றாவது ஆக்சஸ் பாயின்ட்டுக்கான இடம் அதுதான்.