‘ங்க’ போட்டால் போதுமா? வன்முறையில்லாமல் பேசப் பழகத் தொடங்குபவர்களுக்கு

நம்ம கொங்குப் பேச்சில் மரியாதைக்குக் குறைவே இல்லை. சின்னப் பிள்ளையைக்கூட ‘வாங்க, உக்காருங்க’ என்றுதான் கூப்பிடுகிறோம். அதனாலேயே நாம் யாரையும் வார்த்தையால் அடிப்பதில்லை என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். திருப்பூர்ப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் டீச்சராக இருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் பெற்றோர் கூட்டத்தில் ஒரு பையனின் அப்பாவைப் பார்த்து, “பெத்தாப் போதுங்களா? படிக்கறானா இல்லையான்னு பாக்க வேண்டாமுங்களா?” என்று கேட்டுவிட்டேன். வார்த்தைக்கு வார்த்தை ‘ங்க’ இருந்தது. அவர் பனியன் கம்பெனியில் நைட் ஷிப்ட் முடித்துவிட்டு, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக வந்திருந்தார். ஒன்றும் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டார். அடுத்த கூட்டத்துக்கு அவர் வரவில்லை, பையன் என் முகத்தைப் பார்த்துப் பேச ஒரு மாதம் ஆனது.

அதற்கப்புறம்தான் ‘வன்முறையற்ற தொடர்பாடல்’ என்ற இந்த முறையைத் தேடிப் படித்து, வகுப்பிலும் வீட்டிலும் செய்து பார்க்க ஆரம்பித்தேன். நான் பழகிய வரிசையிலேயே உங்களுக்கும் சொல்கிறேன். டீச்சராக இருக்க வேண்டும் என்றில்லை, வீட்டில் ஒரு பிள்ளையோ, சண்டை போட ஒரு பங்காளியோ இருந்தால் போதும்.

முதலில் இது எங்கிருந்து வந்தது என்று சுருக்கமாக. மார்ஷல் ரோசன்பர்க் என்ற அமெரிக்க உளவியலாளர் உருவாக்கிய முறை இது. 1943-இல் டெட்ராய்ட் நகரத்தில் கறுப்பர்களுக்கும் வெள்ளையர்களுக்கும் நடந்த கலவரத்தைச் சிறுவனாக அங்கேயே இருந்து பார்த்தவர். ‘வன்முறையற்ற’ என்ற சொல்லை காந்தி பயன்படுத்திய பொருளில்தான் எடுத்துக்கொண்டார். பார்த்தது, உணர்ந்தது, தேவைப்படுவது, கேட்பது என்று நாலு பகுதி, அவ்வளவுதான். பள்ளிக்கூடத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்றால், போர்கள் மனிதர்களின் மனதில் தொடங்குவதால் அமைதிக்கான அரணையும் மனதில்தான் கட்ட வேண்டும் என்று 1945-லேயே ஐ.நா.வின் கல்வி, அறிவியல், பண்பாட்டு அமைப்பான யுனெஸ்கோ தன் சாசனத்தின் தொடக்கத்தில் எழுதி வைத்தது. 1999-இல் ஐ.நா. பொதுச்சபை அமைதிப் பண்பாட்டுக்கு ஒரு செயல்திட்டம் நிறைவேற்றியபோது, அதிலிருந்த எட்டுத் துறைகளில் முதலாவதாகக் கல்வியைத்தான் வைத்தார்கள்.

சரி, வேலையை ஆரம்பிக்கலாம். தேவை ஒரு நாற்பது பக்க நோட்டு, ஒரு பேனா.

முதல் படி: கண்ணால் கண்டதை மட்டும் எழுதுங்கள்

பக்கத்தின் நடுவில் ஒரு கோடு போடுங்கள். இடது பக்கம், கேமரா வைத்திருந்தால் அதில் என்ன பதிவாகியிருக்குமோ அது மட்டும். வலது பக்கம், அதைப் பற்றி உங்கள் மனம் சொன்ன தீர்ப்பு. ‘சோம்பேறி’, ‘திமிரு’, ‘வேணும்னே பண்றான்’, ‘எப்பப் பாத்தாலும்’ எல்லாம் வலது பக்கம்தான். கேட்க எளிது, செய்தால்தான் எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். முதல் வாரம் என் நோட்டில் இடது பக்கம் கிட்டத்தட்ட காலியாகவே இருந்தது.

பிள்ளைகளிடம் எப்படி? ஆறாம் வகுப்பில் ஒருத்தி ஓடிவந்து, “டீச்சர், இவ திருடிட்டாங்க டீச்சர்” என்றாள். முன்பாக இருந்தால் இரண்டு பேரையும் எழுந்து நிற்கவைத்து விசாரணை நடத்தியிருப்பேன். “நீ என்ன பாத்தே கண்ணு? பாத்தது மட்டும் சொல்லு” என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். “என் ஜாமெட்ரி பாக்ஸ்ல காம்பஸ் இல்லீங்க. அவ டெஸ்க்குல ஒண்ணு இருக்குதுங்க.” இந்த இரண்டு வாக்கியத்தில் திருட்டு எங்கேயும் இல்லை. ‘திருடி’ என்று கூப்பிடப்பட்டவள் அழுகையை அடக்கிக்கொண்டு தன் காம்பஸை எடுத்து நீட்டினாள், அதன் திருகில் ஒரு சிவப்பு நூல் சுற்றியிருந்தது, லூசாக இருக்கிறதென்று அவள் ஆத்தா சுற்றிக் கொடுத்ததாம். தொலைந்த காம்பஸ் பெஞ்சுக்கடியில் கிடந்தது. ‘திருடிட்டா’ என்ற சொல்லிலிருந்து விசாரணையை ஆரம்பித்திருந்தால், அந்தப் பெயர் காம்பஸ் கிடைத்த பிறகும் அவள் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும்.

ஒரு வாரம் இந்தப் படியை மட்டும் செய்யுங்கள். அவசரப்பட்டு அடுத்ததற்குப் போக வேண்டாம், மற்ற மூன்றும் இதன்மேல்தான் நிற்கின்றன.

இரண்டாம் படி: உணர்வுக்குச் சரியான சொல்

நம்மில் பலருக்கு இரண்டே சொல்தான் கைவசம்: ‘கோவம்’, ‘கஷ்டமா இருக்கு’. ஆனால் தமிழில் சொல்லுக்கா பஞ்சம்? எரிச்சல், சலிப்பு, ஏக்கம், கூச்சம், சங்கடம், பயம், ஆத்திரம், பொறாமை, நிம்மதி, பூரிப்பு என்று எழுதிக்கொண்டே போகலாம். ஒரு சார்ட்டில் எழுதி வகுப்புச் சுவரில் ஒட்டினேன். வகுப்பில் பீகாரிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகள் சிலர், வீட்டில் தெலுங்கு, கன்னடம் பேசுகிற பிள்ளைகள் சிலர். அவரவர் வீட்டுச் சொல்லையும் பக்கத்தில் எழுதச் சொன்னேன். கோபம், பயம் இரண்டும் தெலுங்கிலும் அப்படியே இருப்பதைப் பார்த்து அவர்களுக்கே ஆச்சரியம். அதுவரை வகுப்பில் வாயே திறக்காத ஒரு பீகார்ப் பையன் எழுந்து வந்து, கோபத்துக்குப் பக்கத்தில் ‘குஸ்ஸா’ என்று தமிழ் எழுத்தில் எழுதினான். ‘ஸ்ஸா’ கொஞ்சம் கோணலாக வந்தது, அழித்துவிட்டு மறுபடி எழுதினான். அந்த வாரம் முழுக்க வகுப்பே ‘குஸ்ஸா’தான்.

இங்கே ஒரு இடத்தில் எல்லோரும் வழுக்குகிறோம். ‘என்னை மதிக்கல’, ‘ஒதுக்கறாங்க’, ‘ஏமாத்திட்டான்’ என்பவை உணர்வு மாதிரித் தோன்றும், ஆனால் அடுத்தவர் என்ன செய்தார் என்று நாம் சாட்டுகிற குற்றங்கள் அவை. ‘அவமானப்படுத்திட்டாங்க’ என்று சொன்னால் எதிரில் இருப்பவர் உடனே ‘நான் எப்ப பண்ணினேன்?’ என்று வாதாடத் தொடங்குவார். ‘எனக்கு அவமானமா இருந்துச்சுங்க’ என்றால் அதில் வாதாட ஒன்றுமில்லை.

மூன்றாம் படி: தேவை வேறு, வழி வேறு

இதற்கு எங்கள் தோட்டத்துக் கதையைச் சொன்னால்தான் புரியும். காங்கேயம் பக்கம் எங்களுக்கும் பெரியப்பா வீட்டுக்கும் ஒரு பங்குக் கிணறு. நாளுக்கு ஒரு வீடு என்று தண்ணி முறை. பெரியப்பா மகன், எனக்கு அண்ணன், எங்கள் முறை நாளிலும் மோட்டாரை ஓட்டுகிறார் என்று அம்மாவுக்கு ஆத்திரம். “வேணும்னேதான் பண்றான் அம்மணி. ஒரு நாளைக்கு ஒயரப் புடுங்கி உடப்போறேன் பாரு.” நோட்டை எடுத்து இடது பக்கம் மட்டும் எழுதினோம். செவ்வாய், வியாழன் இரண்டு நாளும் காலையில் கரண்டு வந்ததிலிருந்து ஏழேகால் வரை அவர்கள் பக்கம் தண்ணீர் பாய்ந்தது. உணர்வு என்ன? கோபத்துக்கு அடியில் பயம், மாட்டுக்குப் போட்ட சோளத்தட்டு காய்ந்துவிடும் என்று. தேவை என்ன? “அவன் மோட்டார நிறுத்தோணும்” என்றார் அம்மா. அது தேவை இல்லை, அது ஒரு வழி. மாட்டுக்குத் தீவனம் இருக்கும் என்ற நிம்மதிதான் தேவை.

இரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்தான் இந்த முறையின் உயிரே இருக்கிறது என்பேன். உணவு, ஓய்வு, பாதுகாப்பு, மரியாதை, கூட இருக்க நாலு பேர் என்று தேவைகள் எல்லோருக்கும் ஒன்றுதான், மோதுவது அவரவர் பிடித்துவைத்திருக்கும் வழிகள். தேவையைச் சொல்லிவிட்டால் அதற்கு வேறு வழி கிடைக்குமா என்று இரண்டு பேரும் சேர்ந்து தேட இடம் வந்துவிடுகிறது.

நான்காம் படி: செய்யக்கூடியதாகக் கேளுங்கள்

‘இனிமேல் ஒழுங்கா இரு’ என்றால் பிள்ளை என்ன செய்யும்? ‘சத்தம் போடாதே’ என்பதும் வேண்டாததைத்தான் சொல்கிறது. ‘இந்தக் கணக்கு முடியற வரைக்கும் பக்கத்துல இருக்கறவங்களுக்கு மட்டும் கேக்கற மாதிரி பேசறீங்களா?’ என்றால் அது செய்யக்கூடியது. அப்புறம், நீங்கள் கேட்டது வேண்டுகோளா கட்டளையா என்பது, எதிரில் இருப்பவர் ‘முடியாது’ என்று சொல்லும்போதுதான் தெரியும். அதைக் கேட்டதும் உங்கள் முகம் மாறினால் அது கட்டளை. ‘ங்க’ சேர்த்தாலும் கட்டளைதான்.

அண்ணனுக்குப் போன் செய்தேன். “அண்ணா, செவ்வாயும் வியாழனும் கரண்டு வந்ததுல இருந்து ஏழேகால் வரைக்கும் உங்க பக்கம் தண்ணி போச்சுங்க. தட்டு காஞ்சுபோயிரும்னு அம்மா பயப்படறாங்க. உங்க முறை முடியறப்ப வால்வை எங்க பக்கம் திருப்பி உடறீங்களா?” என்றேன். அவர் உடனே, “ஏன், போன வருசம் சித்தப்பா ஓட்டுனப்ப நான் ஏதாச்சும் கேட்டனா?” என்றார். நாலு படியும் சரியாகச் சொன்னால் உடனே பலன் கிடைக்கும் என்று நினைப்பவர்களுக்காக இதையும் எழுதுகிறேன்.

ஐந்தாம் படி: இதே நாலையும் காதாலும் கேளுங்கள்

எதிரில் இருப்பவர் திட்டும்போது அதற்குள் என்ன உணர்வு, என்ன தேவை இருக்கிறது என்று ஊகித்துக் கேட்க வேண்டும். கேள்வியாகத்தான் கேட்க வேண்டும், ‘உனக்குப் பொறாமை’ என்று நாமே முடிவு கட்டக் கூடாது. “போன வருசம் அது உங்களுக்கு வருத்தமா இருந்துச்சுங்களாண்ணா? யாருமே கேக்கலைன்னு?” என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் பேச ஆரம்பித்தார், இருபது நிமிடம் பேசினார், நான் குறுக்கே பேசவில்லை. கடைசியில்தான் விஷயம் வந்தது. அவர் காலை ஐந்து மணிக்கே கம்பெனிக்குக் கிளம்பிவிடுகிறார், மோட்டாரில் ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்டிருக்கிறார்கள், கரண்டு வந்தால் அதுவாக ஓடும், வால்வைத் திருப்ப வீட்டில் ஆள் இல்லை. மோட்டார் ரூம் சாவி ஒன்றை அம்மாவிடம் கொடுத்துவிடுவதாகச் சொன்னார், ஞாயிற்றுக்கிழமை அவரே கொண்டுவந்து கொடுத்தார். அம்மா அவருக்குக் காபி வைத்துக் கொடுத்தார், பெரிதாகப் பேசிக்கொள்ளவில்லை.

வகுப்பில் பழக்கமாக்க: திங்கட்கிழமை வட்டம்

வாரம் ஒருமுறை, பதினைந்து நிமிடம். வேப்பமரத்தடியில் வட்டமாக உட்காருங்கள், டீச்சரும் தரையில்தான். ஒரு பொருளைச் சுற்றி அனுப்புங்கள், எங்கள் வகுப்பில் அது ஒரு பனங்கொட்டை. அது கையில் இருப்பவர்தான் பேசலாம், பேச விருப்பமில்லை என்றால் அடுத்தவருக்குக் கொடுத்துவிடலாம். வட அமெரிக்கப் பூர்வகுடிகளிடமிருந்து வந்த பழக்கம் இது. முதல் மாதம் ‘நேத்து என்ன சாப்பிட்டே’ மாதிரிக் கேள்விகள் போதும். சண்டையை வட்டத்துக்குக் கொண்டுவருவதெல்லாம் பிள்ளைகள் ஒருவர் பேசுவதை ஒருவர் கேட்கப் பழகிய பிறகுதான். கையைக் கட்டி வாயைப் பொத்தி உட்காரவைக்கும் அமைதியோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள், வட்டத்தில் சத்தம் இருக்கும்.

எங்கே இதைப் பயன்படுத்தக் கூடாது

இதை ரொம்ப அழுத்திச் சொல்ல வேண்டும். ஒரு பிள்ளையை யாராவது அடிக்கிறார்கள், தொடக் கூடாத விதத்தில் தொடுகிறார்கள், சாதி சொல்லித் தனியே உட்காரவைக்கிறார்கள் என்றால், அங்கே ‘அவங்க தேவை என்னன்னு யோசிச்சுப் பாரு’ என்று அந்தப் பிள்ளையிடம் சொல்லிவிடாதீர்கள். அடி வாங்கியவரையே விட்டுக்கொடுக்கச் சொல்லிச் சமாதானம் பேசுவது நம் ஊரில் பழைய வழக்கம், அந்த வழக்கத்துக்கு இந்த முறை இன்னொரு கருவியாகிவிடக் கூடாது. முதலில் பிள்ளையைப் பாதுகாக்க வேண்டும். குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு யார் வேண்டுமானாலும் போன் செய்யலாம். பள்ளியில் அடிப்பதையும் மனரீதியாகத் துன்புறுத்துவதையும் 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவில் தடை செய்திருக்கிறது. ரோசன்பர்க்கும் தண்டிப்பதற்கான பலத்தையும் காப்பதற்கான பலத்தையும் பிரித்தே பேசினார். ரோட்டில் ஓடும் குழந்தையைக் கையைப் பிடித்து இழுப்பது இரண்டாவது வகை.

அந்தப் பையனின் அப்பாவை அப்புறம் நானே கம்பெனி வாசலில் போய்ப் பார்த்தேன், டீ டைமில். “அன்னைக்கு நான் கேட்டது தப்புங்க. பையன் மூணு வாரமா கணக்கு நோட்டு கொண்டு வரலீங்க, எனக்குக் கவலையா இருந்துச்சு, அதை இப்படிச் சொல்லியிருக்கோணும்” என்றேன். அவர் கையிலிருந்த டீயைக் குடிக்காமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே நின்றார். “நோட்டு தீந்து போச்சுங்க டீச்சர். எங்கிட்ட கேக்கப் பயந்துட்டு இருந்திருக்கறான்” என்றார்.